புள்ளிக்கு வைத்தியமா, நோயாளிக்கு வைத்தியமா?

(வைத்தியரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



நல்ல வைத்தியர் யார் என்று நம் ஊர்களிற் கேட்டால் விடை உடனே வரும். "அவர் கைராசிக்காரர்" என்பார்கள். கைராசி என்னும் சொல்லில் நன்றியும் உண்டு, அனுபவமும் உண்டு. ஆனால் கணக்கு இல்லை. அக்கைராசிக்காரரிடம் சென்ற நூறு பேரில் எத்தனை பேருடைய இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்தது, எத்தனை பேருடைய நீரிழிவு காலங்கடந்து அறியப்பட்டமையாற் காலை இழக்க நேர்ந்தது என்று எவரும் எண்ணி வைப்பதில்லை. காணியைப் பரப்பால் அளக்கிறோம். நெல்லைப் புசலால் அளக்கிறோம். பிள்ளையின் கல்வியைப் புள்ளியால் அளக்கிறோம். உயிர் காக்கும் வைத்தியத்தை மாத்திரம் அளவாது விட்டிருக்கிறோம்.

வைத்தியத்தின் தரத்தை அளக்க முடியுமா? அளந்து, அந்த அளவுக்கு ஏற்ப வைத்தியருக்குப் பணம் கொடுத்தால் வைத்தியம் சிறக்குமா? இவ்விரு கேள்விகளுக்கும் ஒரு நாடு மிகப் பெரிய அளவிற் பரீட்சை நடத்திப் பார்த்திருக்கிறது. அந்த நாடு பிரித்தானியா. நம் நாட்டிலிருந்து சென்ற வைத்தியர்களும் அங்கே பணியாற்றியிருக்கிறார்கள். அப்பரீட்சையின் பேறுகளை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

இது தூரதேசத்துக் கதைதானே என்று எவரும் எண்ண வேண்டாம். 2018ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியுடன் ஆரம்ப வைத்திய சேவையைப் பலப்படுத்தும் திட்டமொன்று இலங்கையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. குறித்த இலக்குகளை எட்டுவதோடு பணம் விடுவிப்பதைப் பிணைக்கும் முறை அதில் இடம்பெற்றது. "இலக்கை எட்டு, பணத்தைப் பெறு" என்னும் கொள்கை நம் வாசலுக்கு வந்துவிட்டது. ஆகவே அதன் நன்மை தீமைகளை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

அளவையற்ற காலம்

பிரித்தானியாவின் தேசீய சுகாதாரச் சேவை 1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 5ஆந் திகதி தொடங்கியது. மக்கள் ஒவ்வொருவரும் ஒரு பொது வைத்தியரின் பட்டியலிற் பெயர் பதிந்துகொள்வர். பட்டியலில் உள்ள பெயர்களின் தொகைக்கேற்ப வைத்தியருக்கு அரசாங்கம் பணம் செலுத்தும். வைத்தியரைக் காண்பதற்கு நோயாளி எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே வாயில் திறந்தது. அது பெருஞ் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் வாயிலுக்கு உள்ளே நடப்பது என்ன? அதைக் கேட்க வழியிருக்கவில்லை. நோயாளியின் குறையைப் பொறுமையோடு கேட்டுச் சோதித்தவருக்கும் அதே பணம். தலை நிமிராமல் மருந்துச் சீட்டு எழுதியவருக்கும் அதே பணம். ஜோசப் கொலிங்ஸ் என்னும் ஆஸ்திரேலிய வைத்தியர் இங்கிலாந்தின் வைத்திய நிலையங்கள் பலவற்றை நேரிற் சென்று பார்த்து, 1950ஆம் ஆண்டில் "லான்செற்" என்னும் வைத்திய சஞ்சிகையில் அறிக்கையொன்றை வெளியிட்டார். கைத்தொழில் நகரங்களில் அவர் கண்ட நிலை பயங்கரமானது. சில நிலையங்கள் மக்களுக்கு ஆபத்தாகவே உள்ளன என்று அவர் கருதினார்.

அதே நாட்டில் மாறான உதாரணமும் உண்டு. வேல்ஸ் பிரதேசத்தில் கிளின்கொறுக் என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிராமம். அங்கே 1961ஆம் ஆண்டில் டாக்டர் ஜூலியன் டியூடர் ஹார்ட் பணி தொடங்கினார். நோயாளி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் பட்டியலில் இருந்த வளர்ந்தோர் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளக்க முற்பட்டார். வந்தவர்களை அளந்தார்; வராதவர்களைத் தேடிப் போய் அளந்தார். அளந்ததை எழுதி வைத்தார். எழுதியதை ஆண்டுதோறும் புரட்டிப் பார்த்து, யாரை விட்டுவிட்டோம் என்று தம்மையே கேட்டார். கால் நூற்றாண்டின் பின் கணக்குப் பார்த்தபோது, அக்கிராமத்தில் இளவயதுச் சாவு அண்டைக் கிராமத்தைவிடக் குறைந்திருந்தது.

1971ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. நல்ல வைத்தியம் எவருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது. வைத்தியத்தைச் சந்தையிடம் விட விட இவ்வநீதி வளர்கிறது என்பதே அதன் சாரம். இவ்வுண்மையை விளங்க நம் கமக்காரருக்கு வியாக்கியானம் வேண்டியதில்லை.

மக்களின் நம்பிக்கை ஒன்றே தரத்துக்குச் சான்றாகும் என்பாருக்கு மற்றொரு வரலாற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹரோல்ட் ஷிப்மன் என்னும் வைத்தியர் இங்கிலாந்தில் நோயாளிகள் பலரின் மதிப்பைப் பெற்றிருந்தார். 1998ஆம் ஆண்டில் அவர் கைது செய்யப்பட்டார். தம் நோயாளிகளில் 15 பேரைக் கொன்றமைக்காக 2000ஆம் ஆண்டிற் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். பின்னர் நடந்த விசாரணை, கொல்லப்பட்டோர் 215 பேர் என்று 2002ஆம் ஆண்டிற் கண்டது. ஒரே வைத்தியரின் கையில் இத்தனை சாவு நிகழ்ந்தும், எண்ணிப் பார்க்கும் முறை இல்லாமையால் ஆண்டுக்கணக்காக அது புலப்படவில்லை. எண்ணாமல் விடுவது நோயாளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எதை அளப்பது?

1966ஆம் ஆண்டில் அவெடிஸ் டொனபேடியன் என்னும் அறிஞர் இதற்கு விடை கூறினார். வைத்தியத்தை மூன்று இடங்களிற் பார்க்கலாம் என்றார்: அமைப்பு, செய்முறை, விளைவு. கமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலமும் கிணறும் கலப்பையும் அமைப்பு. உழுவதும் களை பிடுங்குவதும் நீர் பாய்ச்சுவதும் செய்முறை. களத்துக்கு வரும் நெல் விளைவு.

விளைவை மாத்திரம் அளந்தாற் போதாதா? போதாது. மழை பொய்த்த ஆண்டில் நன்றாக உழுதவனும் வெறுங்கையோடு நிற்பான். வைத்தியத்திலும் அப்படியே. வறியவரும் வயோதிபரும் நிறைந்த இடத்து வைத்தியர் எவ்வளவு உழைத்தாலும் அங்கே சாவு அதிகமாகவே இருக்கும். சாவை மட்டும் எண்ணிப் பணம் கொடுத்தால் வைத்தியர்கள் அத்தகைய ஊர்களை விட்டு ஓடுவர். ஆகவே செய்முறையையும், இரத்த அழுத்தம் போன்ற இடைநிலை விளைவுகளையும் அளப்பதே தக்கதெனப் பிரித்தானியர் முடிவு செய்தனர்.

1050 புள்ளிகள்

பணத்தை அளவோடு பிணைக்கும் முயற்சி அங்கே 1990ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. பட்டியலிலுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேருக்குத் தடுப்பூசி ஏற்றினால் உயர்ந்த தொகை. 70 பேருக்கு ஏற்றினாற் குறைந்த தொகை. அதற்குக் கீழே எதுவுமில்லை. தடுப்பூசி போன்ற தெளிவான வேலைக்கு அது பயன் தந்தது.

அதன் பின்னர் 2004ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திற் பெருந்திட்டம் வந்தது. தரத்தையும் விளைவையும் அளக்கும் அத்திட்டத்தில் 146 அளவுகோல்கள் இருந்தன. அவற்றுக்கு மொத்தம் 1050 புள்ளிகள். இருதய நோய், பாரிசவாதம், இரத்த அழுத்தம், நீரிழிவு, தொய்வு முதலிய 10 நோய்களுக்கு 550 புள்ளிகள். நிருவாக ஒழுங்கு, நோயாளிகளின் அனுபவம் முதலியவற்றுக்கு மிகுதி. ஒவ்வொரு புள்ளிக்கும் பணம். பொது வைத்திய நிலையங்களின் வருமானத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இப்புள்ளிகளில் தங்கிற்று. ஆண்டுச் செலவு ஏறத்தாழ 100 கோடி பவுண். உலகில் எந்த நாடும் பொது வைத்தியரின் வருவாயை இவ்வளவு தூரம் அளவுகோலோடு பிணைத்ததில்லை.

நூற்றுக்கு 75 புள்ளி வரையிற் பெறுவார்கள் என்று அரசாங்கம் எதிர்பார்த்தது. முதல் ஆண்டிலேயே இங்கிலாந்தின் வைத்திய நிலையங்கள் சராசரி நூற்றுக்கு 91 பெற்றன. அதனாற் கணக்கிட்டதிலும் மேலதிகமான பணம் செலவாயிற்று.

நன்மை எதுவும் இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. வைத்திய நிலையங்கள் கணினியில் நோயாளர் இடாப்புகளை ஒழுங்காக வைக்கத் தொடங்கின. தாதிமார் பலர் நியமிக்கப்பட்டு, நீரிழிவு, தொய்வு நோயாளர்களை முறையாக அழைத்துச் சோதித்தனர். செல்வர் வாழும் பகுதிக்கும் வறியவர் வாழும் பகுதிக்கும் இடையே அளவுகோல்களில் இருந்த வேறுபாடு முதல் ஆண்டில் நூற்றுக்கு 4 ஆக இருந்தது. மூன்றாம் ஆண்டில் அது 0.8 ஆகச் சுருங்கிற்று. டியூடர் ஹார்ட் ஒரு கிராமத்திற் செய்ததை நாடு முழுவதும் ஓரளவுக்குச் செய்விக்க முடியும் என்பதற்கு இது சான்று.

அளவுகோலுக்கு வெளியே நின்றவர்கள்

ஆயினும் அளவுகோலை உற்று நோக்குங்கள். இரத்த அழுத்தம் உடையோர் நூறு பேர் இருந்தால், அவர்களில் 25 பேர் வரை கட்டுக்குள் வந்தாற் பணம் இல்லை. அதற்கு மேல் ஏற ஏறப் புள்ளி ஏறும். 70 பேரை 150க்கு 90 என்னும் அளவுக்குக் கொண்டுவந்தால் 56 புள்ளியும் முழுமையாகக் கிடைக்கும். 71ஆம் நோயாளிக்கு? எதுவும் இல்லை. எஞ்சிய 30 பேர் யார்? வேலையை விட்டு வர முடியாத கூலித் தொழிலாளி, வைத்தியரின் மொழி விளங்காத குடியேறி, மதுவுக்கு அடிமையானவன், மனந்தளர்ந்து வீட்டுக்குள் முடங்கியவள். வைத்தியம் மிகவும் தேவைப்படுவோர் அவர்களே. டியூடர் ஹார்ட் தேடிப் போனது அவர்களைத்தான்.

வர மறுப்பவரையும் மருந்து ஏற்காதவரையும் கணக்கிலிருந்து விலக்க வைத்தியருக்கு உரிமையும் இருந்தது. அந்த உரிமை நியாயமானதே. இல்லாவிட்டால் புள்ளிக்காக நோயாளியை வற்புறுத்த நேரும். பெரும்பாலான வைத்தியர்கள் அதை அளவோடுதான் பயன்படுத்தினர். ஆனால் கணக்கிலிருந்து விலக்கப்பட்டவர் நோயிலிருந்து விலக்கப்படவில்லை என்பதை மறக்கலாகாது.

நோயாளி 48 மணித்தியாலத்துக்குள் வைத்தியரைக் காண வேண்டும் என்பது மற்றோர் இலக்கு. நல்ல இலக்குத்தான். நடந்தது என்ன? இலக்கு தவறாதிருக்கும் பொருட்டுச் சில நிலையங்கள் முன்கூட்டியே நாள் குறித்துக் கொடுப்பதையே நிறுத்திவிட்டன. அடுத்த கிழமைக்கு வைத்தியரைக் காண ஒழுங்கு செய்ய விரும்பியவர், அன்று காலை மீண்டும் தொலைபேசியில் அழையுங்கள் என்று திருப்பப்பட்டார். 2005ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிற் பெண்ணொருவர் இதைப் பிரதம மந்திரி டோனி பிளேயரிடம் நேரிற் கூறினார். அப்படி நடப்பது பிரதமருக்கே புதுச் செய்தியாக இருந்தது. இலக்கை வகுத்தவர் அறியாத விளைவை வரிசையில் நின்றவர் அறிந்திருந்தார்.

இரத்த அழுத்தப் பதிவுகளை ஆராய்ந்தோர் மற்றொன்றையும் கண்டனர். திட்டம் வந்தபின், இலக்குக்குச் சற்றுக் கீழான எண்கள் பதிவேட்டில் மிகுந்தன. இதைப் பொய்க் கணக்கு என்று சொல்லிவிட வேண்டாம். 152 என்று கண்டபோது மீண்டும் ஒருமுறை அளந்து 148 என்று எழுதுவது மனித இயல்பு. பணம் எண்ணின் மேல் அமர்ந்தால் எண் சற்று வளைந்து கொடுக்கும்.

இவற்றைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, திட்டத்துக்கு முன்னும் பின்னும் வைத்தியத்தின் தரத்தை ஒப்பிட்டது. தரம் 2004க்கு முன்னரே உயர்ந்துகொண்டிருந்தது. திட்டம் வந்ததும் தொய்வு, நீரிழிவு ஆகியவற்றில் உயர்வு விரைவுற்றது. 2007ஆம் ஆண்டளவில் அவ்வேகம் தணிந்தது. தொய்வு, இருதய நோய் ஆகியவற்றிற் புள்ளி இல்லாத அம்சங்களின் தரம் குறைந்தது. நோயாளி தம்மை அறிந்த அதே வைத்தியரைத் தொடர்ந்து காணும் வாய்ப்பும் குறைந்தது. 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று நாட்டின் சாவுக் கணக்கைப் பார்த்தது. திட்டத்தால் அது குறைந்ததெனத் துணிந்து கூறத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அதே வைத்தியரைத் தொடர்ந்து காண்பது அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். 2018ஆம் ஆண்டில் 9 நாடுகளின் 22 ஆய்வுகள் தொகுத்துப் பார்க்கப்பட்டன. அவற்றில் 18 ஆய்வுகள், வைத்தியத் தொடர்ச்சி மிகுந்த இடத்திற் சாவு குறைகிறது என்று காட்டின. நோர்வே நாட்டின் 45 இலட்சம் மக்களின் பதிவுகளைக் கொண்டு 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தோரை, ஓர் ஆண்டு மாத்திரம் இருந்தோருடன் ஒப்பிட்டபோது, முன்னவருக்குச் சாவின் ஆபத்து ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

வைத்தியரும் நோயாளியும் ஒருவரையொருவர் அறிந்திருப்பது மருந்தைப் போலவே உயிர் காக்கிறது. அந்த மருந்துக்கு 1050 புள்ளிகளில் ஒரு புள்ளியேனும் இருக்கவில்லை. ஆகவே அது கவனிப்பாரற்றுத் தேய்ந்தது.

பள்ளிக்கூடம் கற்பித்த பாடம்

இங்கே அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. 1862ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரொபர்ட் லோ என்பவர், பரீட்சைப் பேறுக்கு ஏற்பப் பாடசாலைக்குப் பணம் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். பரிசோதகர் வந்து பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிற் சோதிப்பார். தேறிய பிள்ளைக்குப் பணம். தேறாத பிள்ளைக்கு இல்லை. இலங்கையிலும் 1869ஆம் ஆண்டிற் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின், உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்கு அதே முறை வந்தது.

விளைவு யாது? பிள்ளைகள் புத்தகத்தை விளங்காமலே மனனஞ் செய்தனர். மூன்று பாடத்துக்கு வெளியே நின்ற வரலாறும் புவியியலும் வகுப்பறையிலிருந்து ஒதுங்கின. கவிஞரும் பாடசாலைப் பரிசோதகருமான மத்தியூ ஆர்னல்ட் இம்முறையைக் கண்டித்தார். 1890களில் இங்கிலாந்து இதைக் கைவிட்டது.

கமக்காரருக்கும் இது விளங்கும். நெல்லை நிறைக்கு மாத்திரம் வாங்குவோம் என்றால் ஈர நெல்லும் சாக்கில் ஏறும். அதனாற் தராசை எறிந்துவிட வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. ஈரத்தையும் பார்க்க வேண்டும் என்கிறோம்.

பரிசை நிறுத்தியபோது

அப்படியானாற் பரிசை ஒழித்துவிட்டாற் சரியாகிவிடுமா? அதையும் பிரித்தானியர் செய்து பார்த்தனர். 2014ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அளவுகோல்கள் பல நீக்கப்பட்டன. நீக்கப்பட்டவற்றிற் பதிவு உடனே சரிந்தது. வைத்தியர் தாமே எழுதும் குறிப்புகளில் வீழ்ச்சி பெரிது. ஆய்வுகூடச் சோதனைகளில் அது சிறிது. ஆகவே குறைந்தது வைத்தியமா, எழுத்தா என்று பிரித்தறிவது எளிதன்று.

ஸ்கொத்லாந்து ஒரு படி மேலே சென்று 2016ஆம் ஆண்டிற் திட்டத்தையே முற்றாக ஒழித்தது. அண்டை அயலில் உள்ள வைத்திய நிலையங்கள் குழுவாகக் கூடி, ஒருவர் வேலையை மற்றவர் பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறையை அதற்குப் பதிலாக வைத்தது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, ஒப்பிட்டுப் பார்த்த 16 அளவுகோல்களில் 12, ஓராண்டுக்குள் இங்கிலாந்தை விடக் கீழே போயின. வேல்ஸ் 2019ஆம் ஆண்டில் வேறு முறைக்கு மாறிற்று. இங்கிலாந்து திட்டத்தை முன்னிலும் சுருங்கிய உருவில் வைத்துக்கொண்டது.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? பணத்தால் உண்டான நல்ல பழக்கம் பணம் நின்றதும் தளரும். பரிசு தொடங்குவது எளிது; நிறுத்துவது கடினம். ஆதலால் தொடங்கும்போதே தெளிவு வேண்டும். இதுவே எமது முடிவு: அளப்பது கட்டாயம் வேண்டும், ஆனால் அளவுகோல் வைத்தியர் தம்மைத் திருத்திக்கொள்ளும் கண்ணாடியாக முதலில் இருக்க வேண்டும். அதைச் சம்பளப் பட்டியல் ஆக்குவது கடைசிப் படி. அதுவும் சிறு படியாக இருக்க வேண்டும்.

நம் நாட்டில் உள்ள முன்மாதிரி

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1926ஆம் ஆண்டிற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிய காலந்தொட்டு நம் நாட்டில் வளர்ந்துவந்த முறை ஒன்று உண்டு. அதுதான் குடும்பநல மருத்துவமாதின் சேவை. அவருக்கென்று ஒரு பிரிவு உண்டு. அப்பிரிவில் எந்த வீட்டில் எவர் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி தவறிற்று, எந்தக் குழந்தையின் நிறை ஏறவில்லை என்பது அவருடைய இடாப்பில் இருக்கிறது. வராதவரை அவர் வீடு தேடிச் செல்கிறார். ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள் என்று விசாரணை நடக்கிறது. பிரசவத்தில் தாய் இறப்பதை மிகக் குறைத்த நாடுகளுள் ஒன்றென இலங்கை பெயர் பெற்றது இந்த இடாப்பினாலும் இந்த நடையினாலுந்தான். புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்து இது உண்டாகவில்லை.

தாய்க்கும் சேய்க்கும் இருக்கும் இந்த ஒழுங்கு, ஐம்பது வயதுக் கமக்காரனின் நீரிழிவுக்கு எங்கே? அவன் இன்று அரசாங்க வைத்தியசாலைக்குப் போகிறான். நாளை தனியார் வைத்தியரிடம் போகிறான். மறுநாள் கடையில் மாத்திரை வாங்குகிறான். எவருடைய பட்டியலிலும் அவன் பெயர் உறுதியாக இல்லை. அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார் இல்லை. 2011ஆம் ஆண்டு முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அமைக்கப்பட்டு, நாற்பது வயதைக் கடந்தோரைச் சோதிக்கும் முயற்சி தொடங்கியது. நல்ல முயற்சி. ஆயினும் தோட்டத்தை விட்டு வர முடியாதவனை அந்த நிலையம் எப்படி அறியும்?

நமக்கு வேண்டுவன

முதலாவது, பட்டியல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்ன வைத்தியர், இன்ன நிலையம் என்று பெயர் குறிக்கப்பட வேண்டும். நூற்றுக்கு 70 என்று சொல்வதற்கு அந்த நூறு பேர் யார் என்பது முதலிற் தெரிய வேண்டும். பட்டியல் இல்லாத நாட்டிற் புள்ளித் திட்டம் வைப்பது, எல்லைக் கல் இல்லாத காணிக்கு உறுதி எழுதுவது போன்றது.

இரண்டாவது, பதிவு. இன்று நம் நோயாளியின் வரலாறு அவன் கையிலுள்ள கிளினிக் கொப்பியில் இருக்கிறது. அது அவனிடம் இருப்பது நல்லதே. ஆனால் வெள்ளத்திலோ இடப்பெயர்விலோ அது தொலைந்தால் பத்து ஆண்டு வைத்தியமும் தொலைகிறது. அதன் பிரதி வைத்திய நிலையத்திலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அளவுகோல்கள் சிலவாக இருக்க வேண்டும். கொழும்பிலோ வாஷிங்ரனிலோ மாத்திரம் அவை தீர்மானிக்கப்படலாகாது. சுகாதாரம் மாகாணத்துக்குப் பகிர்ந்தளிக்கப்பட்ட விடயங்களுள் ஒன்று. வைத்தியரும் தாதியும் மருத்துவமாதும் நோயாளரும் கூடி அவற்றை வகுக்க வேண்டும். இரத்த அழுத்தத்தோடும் நீரிழிவோடும் இரண்டு கேள்விகள் சேர வேண்டும். சென்ற முறை கண்ட அதே வைத்தியரை இம்முறையும் கண்டீரா? அவர் கூறியதை உம்முடைய மொழியிற் கேட்டு விளங்கிக்கொண்டீரா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று கூறுகிறது. அச்சட்டத்தின் உண்மையான பரீட்சை மண்டபம் வைத்தியரின் மேசை. மாத்திரையை எத்தனை முறை விழுங்குவது என்று விளங்காத நோயாளிக்கு அளந்த அழுத்தமும் பயனில்லை. எழுதிய சீட்டும் பயனில்லை.

நான்காவது, பரிசு. கொடுப்பதாயின் தனி வைத்தியருக்குக் கொடுக்காமல் நிலையத்தில் உழைக்கும் அனைவருக்கும் கொடுக்க வேண்டும். வருமானத்தின் சிறு பகுதிக்கு மேல் அது போகலாகாது. எழுபதாம் நோயாளியில் அது நின்றுவிடாமல், கடைசி முப்பது பேரைத் தேடிப் போவோருக்கே மேலதிகமாகச் செல்ல வேண்டும். வன்னியிலும் தீவகத்திலும் மலையகத் தோட்டங்களிலும் பணியாற்ற முன்வருவோருக்கு முதலிடம் வேண்டும். அண்டை நிலையங்களின் வைத்தியர்கள் ஆண்டில் சில நாள் கூடி, தத்தம் கணக்குகளைத் திறந்து வைத்து ஆராய வேண்டும். அதற்கு வேண்டிய நேரத்தையும் அரசாங்கம் வேலையாகவே கணிக்க வேண்டும்.

வைத்திய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அளப்பதற்கு அஞ்ச வேண்டாம். உங்கள் கையிலுள்ள அளவு உங்களைத் தண்டிக்கும் பிரம்பு அன்று. நீங்கள் காணாத நோயாளியைக் காட்டும் விளக்கு. அளவுகோலை நீங்களே எடுத்துக்கொள்ளாவிட்டால், நோயாளியைக் கண்டறியாத வேறொருவர் அதை எடுத்துக்கொள்வார்.

கமக்கார நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. இலவச வைத்தியம் உங்கள் உரிமை. ஆனால் வரிசையில் நின்று மருந்துச் சீட்டைப் பெறுவதோடு அவ்வுரிமை முடிந்துவிடவில்லை. என் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது? என் நோயின் அளவு சென்ற ஆண்டைவிடக் குறைந்ததா, கூடியதா? நான் வராவிட்டால் என்னைத் தேடுவார் யார்? இம்மூன்று கேள்விகளையும் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்திற் கேளுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடமும் கேளுங்கள். கட்டிடம் திறந்ததைச் சொல்லி வாக்குக் கேட்போர் உண்டு. கட்டிடத்துக்குள் என்ன நடந்தது என்ற கணக்கைக் கொண்டுவரும்படி அவர்களைப் பணியுங்கள்.

பிரித்தானியா பெரும் பணம் செலவழித்து இந்தப் பாடத்தைக் கற்றது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. அவர்கள் 1948இற் செய்த பட்டியலை நாம் இன்னும் முடிக்கவில்லை. அவர்கள் 2004இற் செய்த புள்ளித் திட்டத்துக்கு நாம் அவசரப்படலாகாது. முதலில் மனிதரை எண்ணுவோம். பின்னர் அவர் நோயை அளப்போம். அதன் பிறகு பரிசைப் பற்றிப் பேசுவோம். இந்த வரிசை மாறினால் புள்ளி ஏறும், நோயாளி வாசலிலேயே நிற்பான். மாறாமற் காப்பது இங்கே கூடியிருக்கும் உங்கள் அனைவரின் கடமை.